பட்டியலில் விடுபட்ட கோரிக்கை

(பெண்கள் மீதான வன்முறையை நிறுத்துவதில் ஆண்களின் பங்கு குறித்து, நவம்பர் மாத இறுதியில் நடந்த குடும்பக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேசத் தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். வாசலில் நின்று கொண்டிருக்கும் அண்ணன்மார்களும் தம்பிமார்களும் தயவு செய்து உள்ளே வந்து உட்காருங்கள். "இது பெண்கள் விஷயம், அவர்களே பேசிக் கொள்ளட்டும்" என்று நினைத்து வெளியே நிற்கிறீர்கள். இன்றைய பேச்சு உங்களுக்குத்தான். அடியிலிருந்து தப்பிப்பது எப்படி என்று பெண்களுக்குப் பல வருடங்களாகச் சொல்லிக் கொடுத்து விட்டோம். அடிக்காமல் இருப்பது எப்படி என்று ஆண்களோடு உட்கார்ந்து பேசியது மிகக் குறைவு.

நவம்பர் 25 என்றால் நம்மில் பலருக்கு ஒரே ஞாபகம்தான். 2007-ஆம் ஆண்டு அந்த நாளில் கோலாலம்பூர் வீதிகளில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் திரண்டார்கள். கண்ணீர்ப் புகையையும் இரசாயனத் தண்ணீரையும் தாங்கி நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் சேலை கட்டிய தாய்மார்களும் இருந்தார்கள்.

அதே நவம்பர் 25-க்கு இன்னொரு பெயரும் உண்டு. பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்கும் அனைத்துலக நாள் என்று 1999-இல் ஐக்கிய நாடுகள் சபை அதை அறிவித்தது. டொமினிக்கன் குடியரசு என்ற நாட்டில் சர்வாதிகாரி துருகியோவை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவர் 1960-இல் அந்த நாளில்தான் கொல்லப்பட்டார்கள். நாம் உரிமை கேட்டு வீதிக்கு வந்த நாளும், உலகப் பெண்கள் "எங்களை அடிக்காதே" என்று கேட்கும் நாளும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் இரண்டு நாட்களிலும் கேட்கப்படுவது ஒரே பொருள்: மனிதனுக்குரிய மரியாதை.

அந்த மரியாதையை நம் பாட்டன்மார்கள் எப்படிக் கேட்டார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம்.

1941-ஆம் ஆண்டு. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலில் சம்பளம் இருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்தது, மருத்துவம் இருந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது.

இவற்றோடு இன்னும் இரண்டு கோரிக்கைகள் இருந்தன. ஒன்று, துரைக்கும் கிராணிக்கும் முன்னால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்பது. சைக்கிளில் வருகிறவன் எதிரே துரையைப் பார்த்தால் இறங்கி, தலை குனிந்து, உருட்டிக் கொண்டு போக வேண்டும். அது அன்றைய தோட்டத்து வழக்கம். "இனி இறங்க மாட்டோம்" என்றார்கள். இரண்டாவது, வெள்ளைக்காரர்களும், "கறுப்பு ஐரோப்பியர்" என்று தொழிலாளர்கள் அழைத்த தோட்டத்து உத்தியோகஸ்தர்களும் நம் பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பது.

நினைத்துப் பாருங்கள். எண்பது ஆண்டுகளுக்கும் முன்பு, படிப்பறிவு மறுக்கப்பட்ட கூலித் தொழிலாளர்கள், பெண்கள் மீதான பாலியல் வன்முறையை ஒரு தொழிற்போராட்டத்தின் கோரிக்கையாக வைத்தார்கள். அதற்காக அவர்கள் கொடுத்த விலை பெரிது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் இராணுவம் இறக்கப்பட்டது. தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள்.

ஆகவே பெண்ணுக்காகப் பேசுவது வெளியிலிருந்து வந்த நாகரிகம், என்.ஜி.ஓ.க்காரர்கள் கொண்டு வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது நம் தொழிலாளர் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஆனால் அந்தப் பட்டியலில் ஒன்று விடுபட்டுப் போனது. துரை கை வைக்கக் கூடாது என்று எழுதினார்கள். கிராணி கை வைக்கக் கூடாது என்று எழுதினார்கள். லயத்து வீட்டுக்குள் புருஷன் கை வைக்கக் கூடாது என்று யாரும் எழுதவில்லை. அந்தக் காலத்தில் அது கோரிக்கையாகவே யாருக்கும் தோன்றியிருக்காது. விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, ஆண்களை விடக் குறைந்த சம்பளத்துக்கு மரம் வெட்டி, வீடு திரும்பி மறுபடியும் சமைத்த அந்தப் பெண்ணுக்கு, தோட்டத்துக்கு ஒரு துரை, வீட்டுக்கு ஒரு துரை. வெளியே சைக்கிளை விட்டு இறங்க மறுத்த மனிதன், வீட்டுக்குள் நுழைந்ததும் தன் மனைவியை இறங்கச் சொன்னான்.

எல்லா வீடும் அப்படி இல்லை. மனைவியைக் கண்ணாக வைத்திருந்த பாட்டன்மார்களும் உண்டு. ஆனாலும் அடிக்கிற வீடு எது என்று லயத்தில் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. இன்றும் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருத்தி தன் வாழ்நாளில் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்திருக்கிறாள். இது எல்லா இனத்திலும், பணக்காரன் வீட்டிலும் நடப்பதுதான். தமிழன் மட்டும் அடிக்கிறான் என்று யாராவது சொன்னால் அது பொய். ஆனால் நம் வீட்டுக் குப்பையை நாம்தான் கூட்ட வேண்டும்.

சரி, ஏன் அடிக்கிறோம்? நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்களைக் கொஞ்சம் பார்ப்போம்.

"குடித்திருந்தான், தெரியாமல் அடித்து விட்டான்" என்கிறோம். குடித்தவன் கடையிலிருந்து வீடு வரை வருகிறான். வழியில் பாதுகாவலரைப் பார்க்கிறான், போலீஸ் காரைப் பார்க்கிறான், தன்னை விடப் பலசாலியான நண்பனைப் பார்க்கிறான். அவர்களில் ஒருவரையும் அடிப்பதில்லை. நாலு மாடி ஏறி, கதவைத் தட்டி, உள்ளே வந்து, கதவைச் சாத்திய பிறகு மனைவியை அடிக்கிறான். யாரை அடித்தால் திருப்பி அடி விழாது என்று அந்தப் போதையிலும் அவனுக்குத் தெரிகிறது. குடி குடும்பத்தைக் கெடுக்கும், அதை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் குடியை நிறுத்தியும் அடியை நிறுத்தாதவர்கள் உண்டு. குடிப்பவர்கள் எல்லாரும் அடிப்பவர்களும் இல்லை.

"கஷ்டம், கடன், வேலையில் சூப்பர்வைசர் கேவலமாகப் பேசுகிறான்" என்கிறோம். உண்மைதான். தோட்டம் போய், வீடு போய், கோயில் போய், நகரத்து அடுக்குமாடியில் வந்து விழுந்த குடும்பங்களின் வலி எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதே கஷ்டத்தில்தான் அவளும் இருக்கிறாள். அவளும் தொழிற்சாலையில் நிற்கிறாள், அவளையும் சூப்பர்வைசர் திட்டுகிறான். அவள் உங்களை அடிப்பதில்லையே!

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்கிறோம். அணைக்க வேண்டும் என்றால் நேராக அணைத்து விட்டுப் போகலாம்.

அடுத்து, வன்முறை என்றால் அடி மட்டும்தான் என்று நினைத்து விடாதீர்கள். மனைவியின் வங்கி அட்டையைப் பிடுங்கி வைத்துக் கொள்வது, கைத்தொலைபேசியைத் திறந்து காட்டச் சொல்லி மிரட்டுவது, "பிள்ளையைத் தூக்கிக் கொண்டு போய் விடுவேன்" என்று பயமுறுத்துவது, தாய்வீட்டுக்குப் போக விடாமல் தடுப்பது, நாள் முழுக்கத் தரக்குறைவாகப் பேசிப் பேசி அவள் மனத்தை உடைப்பது, இவையும் வன்முறைதான். நம் நாட்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறியது, 1996-இல் அமலுக்கு வந்தது. பெண்கள் அமைப்புகள் 1985 முதல் விடாமல் போராடிப் பெற்ற சட்டம் அது. 2012-இலும் 2017-இலும் திருத்தப்பட்டு, மனத்தைச் சிதைக்கும் கொடுமைகளும், மிரட்டலும், மனைவியின் உடைமையை ஏமாற்றி எடுத்துக் கொள்வதும் அதில் சேர்ந்துள்ளன.

நம் மக்களுக்கு முக்கியமான ஒரு விஷயம். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலேயே வாழும் குடும்பங்கள் நம்மிடம் உண்டு. "பதிவு இல்லை, அதனால் சட்டம் உனக்கு இல்லை" என்று மனைவியை மிரட்டுகிறவர்களும் உண்டு. அது தவறு. சமயப்படியோ வழக்கப்படியோ திருமணச் சடங்கு நடந்திருந்தால், பதிவு இல்லாவிட்டாலும் இந்தச் சட்டம் அவளைப் பாதுகாக்கும்.

தோழர்களே, இப்போது கொஞ்சம் கடினமான விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பெண்கள் ஏன் போலீசுக்குப் போவதில்லை? மானம், பிள்ளைகள், பணம் எல்லாம் காரணம்தான். இவற்றோடு நம் சமூகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2009-இல் குகன் தடுப்புக் காவலில் செத்தார். 2013-இல் தர்மேந்திரன் செத்தார். அந்த உடல்களின் படங்களை நம் பெண்களும் பார்த்தார்கள். அடிபட்டு உதடு கிழிந்து உட்கார்ந்திருக்கும் பெண் தொலைபேசியைக் கையில் எடுத்து விட்டு யோசிக்கிறாள்: "நான் கூப்பிட்டால் இவரைப் பிடித்துக் கொண்டு போவார்கள். லாக்கப்பில் ஏதாவது ஆகி விட்டால்? பிள்ளைகள் என்னைப் பார்த்து என்ன கேட்கும்?" தொலைபேசியைக் கீழே வைத்து விடுகிறாள்.

அவள் வாங்குகிற அடியில் பாதி, தன்னை அடித்தவனின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அவள் வாங்குவது. இதை ஒவ்வொரு ஆணும் மனத்தில் எழுதிக் கொள்ள வேண்டும்.

ஒரு தமிழன் லாக்கப்பில் செத்தால் நாம் கூடுகிறோம், மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், நீதி கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். குகனின் தாயார் நீதிமன்றம் ஏறி 2013-இல் வழக்கில் வென்றார். ஒரு தமிழச்சி தன் வீட்டுச் சமையலறையில் செத்தால்? "குடும்பத் தகராறு" என்று சொல்லி மறுநாளே மறந்து விடுகிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் போலீஸ் நிலையம் இருந்தால் அது உரிமைப் பிரச்சினை, வீடு இருந்தால் அது சொந்தப் பிரச்சினையா?

இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். லாக்கப்பில் யாரையும் அடிக்காதே என்று அரசாங்கத்திடம் கேட்பதும், வீட்டில் யாரையும் அடிக்காதே என்று நமக்குள் சொல்வதும் ஒரே கொள்கை. ஒன்றை விட்டு விட்டு மற்றதைப் பேசினால் நம் பேச்சுக்கு எடை இருக்காது.

ஆகவே ஆண்கள் என்ன செய்யலாம்? நாளைக்கே செய்யக் கூடியதாக நாலு விஷயங்கள் சொல்கிறேன்.

முதலாவது, பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால். "புருஷன் பெண்டாட்டி சண்டை, நாம் ஏன் தலையிட வேண்டும்" என்று தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டாதீர்கள். அதற்காகத் தனியாக ஓடிப் போய் அவன் சட்டையைப் பிடிக்கவும் வேண்டாம். அந்தக் கோபத்தையும் அவன் அவள் மேல்தான் காட்டுவான். இரண்டு மூன்று பேராகப் போய்க் கதவைத் தட்டுங்கள். "அண்ணே, உங்க வண்டி வழியை மறைச்சு நிக்குது" என்று ஏதாவது சொல்லுங்கள். அடி அந்த நிமிடத்தில் நின்றாலே பெரிய உதவி. பிள்ளைகளை உங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து விடுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் 999-ஐ உடனே கூப்பிடுங்கள். அதில் தயக்கமே வேண்டாம்.

மறுநாள் அவன் இல்லாத நேரத்தில் உங்கள் வீட்டுப் பெண்களை அவளிடம் அனுப்பி, என்ன உதவி வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். அவள் சம்மதித்தால், அரசாங்க மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வண்டி கொடுங்கள். அவசரப் பிரிவில் இப்படிப்பட்டவர்களுக்கு ஓ.எஸ்.சி.சி. என்ற தனிச் சேவை இருக்கிறது. சமூகநல இலாகாவின் தாலியான் காசே எண் 15999 எந்நேரமும் இயங்குகிறது. 2018 முதல் அவசரப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று உண்டு. உடலுக்குத் தீங்கு நேர்ந்தாலும், நேரும் என்ற பயம் இருந்தாலும் அதைக் கேட்கலாம். சமூகநல அதிகாரியே அதை வழங்கலாம், 7 நாட்களுக்குச் செல்லும், அதற்குப் போலீஸ் புகார் கட்டாயமில்லை. போலீசுக்குப் போகப் பயப்படும் நம் பெண்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அதன் பிறகு போலீஸ் புகார் செய்தால், விசாரணைக் காலத்துக்கும் வழக்குக் காலத்துக்கும் வேறு பாதுகாப்பு ஆணைகள் இருக்கின்றன. புகார் செய்யப் போகும்போது இயக்கத்தின் ஆள் ஒருவர் கூடப் போகட்டும். அவள் கணவன் பிடிபட்டால், அவனுக்கும் சட்டப்படியான உரிமைகள் கிடைக்கின்றனவா என்று பார்க்கவும் ஒருவர் போகட்டும். அது அடித்தவனுக்குப் பரிந்து பேசுவதாகாது. அப்படி ஓர் உத்தரவாதம் இருந்தால்தான் அவள் வாய் திறப்பாள்.

இரண்டாவது, நண்பர்கள் மத்தியில். மாமாக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது ஒருவன் "நேத்து வச்சேன் ஒரு அறை" என்று பெருமையடித்தால், மேசையில் இருக்கிறவர்கள் சிரிக்காமல் இருங்கள். "ஏன் மச்சான், உனக்கு அவ்வளவுதான் தைரியமா?" என்று ஒருவர் கேட்டால் போதும். ஆண்களுக்கு ஆண்களின் மதிப்புத்தான் பெரிது. அந்த மதிப்பைக் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண்ணின் படம் வந்தால் அடுத்தவனுக்கு அனுப்பாதீர்கள், அனுப்பியவனை அழிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நம் பையன்கள். "சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளை" என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். அக்கா தட்டைக் கழுவுகிறாள், தம்பி காலாட்டிக் கொண்டு உட்கார்ந்திருக்கிறான். விழுந்து அழுதால், "பொம்பளை மாதிரி அழாதே" என்கிறோம். அழவும் தெரியாமல், பயத்தைச் சொல்லவும் தெரியாமல் வளர்கிற பையனுக்குக் கோபம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. அந்தக் கோபத்தைக் குண்டர் கும்பல்காரன் முதலில் வாங்கிக் கொள்கிறான். பிறகு அவனைக் கட்டிக் கொண்டவள் வாங்கிக் கொள்கிறாள்.

அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்க்கிற பையன் தூங்கி விட்டான் என்று நினைக்காதீர்கள். போர்வைக்குள் விழித்திருக்கிறான். அப்பா தட்டைக் கழுவுவதைப் பார்க்கிற பையனும் அதைக் கற்றுக் கொள்கிறான். தம்பிகளே, உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். படத்தில் கதாநாயகன் வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே சுற்றுவான், கடைசியில் அவள் காதலிப்பாள். நம் ஊரில் அப்படித் தொல்லை கொடுத்துப் பின்தொடர்வது 2023 முதல் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் சிறைக்குப் பயந்து மட்டும் நிற்காதீர்கள். அவள் வேண்டாம் என்று சொன்னால், வேண்டாம் என்றுதான் அர்த்தம். அதைக் கேட்டு விட்டுத் தலை நிமிர்ந்து திரும்பி நடப்பதில் ஒரு கேவலமும் இல்லை.

நாலாவது, கை ஓங்கும் பழக்கம் உள்ளவர் யாராவது இந்த மண்டபத்திலேயே இருக்கலாம். யார் என்று நான் தேடவில்லை. அவருக்கு மட்டும் சொல்கிறேன். சங்கிலி வாங்கிக் கொடுத்து, காலில் விழுந்து, மூன்று மாதம் கழித்து மறுபடியும் அடிப்பது மன்னிப்பு ஆகாது. கோபம் தலைக்கு ஏறுகிறது என்று தெரிந்தவுடன் வீட்டை விட்டு இறங்கி விடுங்கள். வெறும் கையோடு, வண்டிச் சாவியைத் தொடாமல், நடந்து போங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் "எனக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது" என்று வாய் விட்டுச் சொல்லுங்கள். அரசாங்க கிளினிக்குகளிலும் மனநல உதவி கேட்கலாம். அவள் போக வேண்டும் என்று முடிவு செய்தால் போக விடுங்கள். வழியில் நிற்காதீர்கள். நீங்கள் மாறுவது உங்கள் கடமை. நீங்கள் மாறும் வரை காத்திருப்பது அவள் கடமை இல்லை.

கோயில் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பெண் அழுது கொண்டு வந்தால், இரண்டு பேரையும் சாமி முன்னால் நிறுத்திக் கையைச் சேர்த்து வைத்து, "பொறுத்துப் போம்மா" என்று அனுப்பி விடுகிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள். ஆனால் அந்தக் கதவு சாத்திய பிறகு என்ன நடக்கும் என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. முதலில் அவள் உயிருக்குப் பாதுகாப்பு. சமாதானம் பேசுவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு அவளே சொல்லட்டும்.

அன்பானவர்களே, 1941-இல் அந்தப் பட்டியலை எழுதியவர்கள் தங்களால் முடிந்ததை எழுதினார்கள், அதற்காக உயிரையும் கொடுத்தார்கள். விடுபட்ட ஒரு வரியை நாம் சேர்ப்போம். அதை யாருக்கும் மகஜராகக் கொடுக்க வேண்டியதில்லை. பிரதமர் அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. இன்று இரவு வீட்டுக்குப் போய் அவரவர் கதவைத் திறக்கும்போதே அதை நிறைவேற்றி விடலாம்.

கூட்டம் முடிந்ததும் 15999 என்ற எண்ணை எல்லாரும் கைத்தொலைபேசியில் பதிந்து கொள்ளுங்கள், ஆண்கள் முதலில். பின்னால் சாப்பாடு இருக்கிறது. இன்று பரிமாறுவதும் பாத்திரம் கழுவுவதும் தம்பிமார்கள். தாய்மார்கள் உட்கார்ந்து சாப்பிடட்டும்.